பாலாறு செக்போஸ்ட்டில் ஒரு யானைத் தலை

1. தார்ப்பாய்

"பின்னால என்னம்மா லோடு?" என்று கேட்ட ஃபாரஸ்ட் கார்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே ஒரு முழு யானை மண்டையோடு இருந்தது. நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், கண்களை மறைத்துச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, மேலே ஒரு சாமந்தி மாலை. பக்கத்துப் பெட்டியில் சிறுத்தை மண்டையோடு. அதற்கும் ஒரு பொட்டு. இரண்டுக்கும் நடுவில் குங்குமம் தடவி நறுக்கிய எலுமிச்சம்பழம்.

"சார்!" என்று கார்டு போட்ட சத்தத்தில் செக்போஸ்ட்டுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள்.

மேட்டூரிலிருந்து மைசூருக்கு வருகிறோம். பாலாறு தாண்டியதும் காட்டுக்குள் இந்த செக்போஸ்ட். மறுநாள் காலையில் மைசூரில் எங்கள் துறை நடத்தும் சர்வதேச மாநாடு தொடங்குகிறது. வண்டியில் இருந்த இரண்டும் எலும்பே இல்லை, ஃபைபரில் வார்த்த நகல்கள். அதை என்னையும் டிரைவர் மாதேஷையும் தவிர அங்கே யாருக்கும் தெரியாது, சொன்னாலும் நம்புகிற நிலையில் யாரும் இல்லை.

2. எலும்பு அக்கா

புதிதாக மியூசியம் வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், அதனால் நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கால்நடை உடற்கூறு துறை ஒன்றில் மியூசியம் டெக்னீஷியனாக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் ஹனூர் பக்கம். செத்த மாடு, குதிரை, ஆடு, எது வந்தாலும் தோல் நீக்கி, தொட்டித் தண்ணீரில் அழுகும்படி மெசரேஷனுக்குப் போட்டு, சதை கழன்றதும் எலும்பைக் கழுவி, கொழுப்பு எடுத்து, வெளுத்து, கம்பி கோத்து எழுப்பி நிறுத்துவது என் வேலை. கேம்பஸில் என் பெயர் சரோஜா என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. "எலும்பு அக்கா" என்றால் கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும். என் டிபன் டப்பாவிலிருந்து யாரும் எடுத்துச் சாப்பிட மாட்டார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

மாநாடு விலங்குகளின் உடற்கூறும் பரிணாமமும் பற்றியது. பல நாட்டு ஆட்கள் வருகிறார்கள். வெறும் பேச்சு மட்டும் போதாது, ஹாலில் மேஜை போட்டு மண்டையோடுகளைத் தொட்டுப் பார்க்க வைக்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் சாந்தலாவுக்கு ஆசை. துறையிலேயே இளைய ஆசிரியை அவர். அவர் பேசவிருந்ததே மண்டையோட்டைக் கையில் காட்டிப் பேச வேண்டிய விஷயம். ஆனால் மியூசியத்தில் இருக்கும் அசல் யானைத் தலையை வாசல் தாண்டி எடுத்துப் போக வேண்டுமானால் வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு நேரம் இல்லை. எங்கள் ஹெச்.ஓ.டி. சார் யோசித்து, நகல் செய்துவிடலாம் என்றார்.

அதுவரைக்கும் நல்ல யோசனைதான்.

3. குழந்தைவேல் பட்டறை

யானைத் தலை அளவுக்கு ஃபைபர் வார்ப்பு போட்டுப் பழக்கப்பட்டவர்கள் கோயில் வாகனம் செய்கிறவர்கள்தான். மேட்டூர்ப் பக்கம் குழந்தைவேல் என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். மயில், ரிஷபம், யானை எல்லாம் அவரிடம் வரிசையாக நிற்கும். அவரே ஆட்களோடு மைசூர் வந்து எங்கள் யானை, சிறுத்தை மண்டையோடுகளில் சிலிக்கான் அச்சு எடுத்துக்கொண்டு போனார். நிறத்துக்கு நான் கலவை சொல்லிக் கொடுத்தேன். டீ டிகாஷனும் கொஞ்சம் காவியும். பழைய எலும்பின் பழுப்பு அச்சு அசலாக வரும்.

நடுவில் ஒருநாள் போன் செய்தார். "அம்மிணி, வார்ப்புல தப்பாப் போச்சுங். நெத்தி நடுவுல பெருசா ஓட்டை உழுந்திருச்சு. அடைச்சுப் பூசிரட்டுங்களா?"

"ஐயோ, அடைச்சுடாதீங்க! அது மூக்குங்க, தும்பிக்கை ஆரம்பிக்கிற இடம்."

"நெத்தியிலயா மூக்கு?" என்றார். நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அடைக்காமல் விட்டார்.

எடுத்துவரப் போன அன்று மாதேஷ் வண்டி. துறைக்கு ஒப்பந்தத்தில் ஓடும் பிக்கப் அது, வண்டி அவன் சொந்தம். கொள்ளேகால் பக்கத்துப் பையன், என் கடைசித் தம்பி வயது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தைவேல் ஏற்கனவே கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, பொட்டு வைத்து, தலையைத் தூக்கி வண்டியில் ஏற்றத் தயாராக வைத்திருந்தார். எந்த உருவத்தையும் அப்படித்தான் பட்டறையை விட்டு அனுப்புவார்களாம்.

பல், தாடை, மூக்கு ஓட்டை எல்லாம் பார்த்தேன். குறை சொல்ல முடியாத வேலை. கண் பக்கம் மட்டும் துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கப் போனேன்.

"துணிய மட்டும் எடம் போயிச் சேந்தப்பறம் அவுருங் அம்மிணி. வழியில அவுக்கப்படாது" என்றார் குழந்தைவேல்.

ஓரம் உடையாமல் இருக்கக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். மனிதர் அவ்வளவு பயபக்தியோடு சொல்லும்போது மறுக்கவும் மனது வரவில்லை. சந்தனத்தைத் துடைக்கலாமா என்று கேட்டதற்கே அவர் முகம் சுருங்கிவிட்டது. மைசூர் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று கிளம்பினோம்.

4. எவிடென்ஸ்

செக்போஸ்ட்டுக்கு வருகிறேன்.

வெளியே வந்த டெபுடி ரேஞ்சர் நடுவயதுக்காரர். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. மண்டையோட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "ஏனம்மா இது? மாந்திரீகமா?" என்றார். கன்னடத்துக்காரர், ஆனால் அந்தப் பக்கம் வேலை பார்ப்பதால் தமிழும் வரும்.

"சார், இது ஃபைபர். காலேஜ் கான்ஃபரன்ஸுக்குக் கொண்டுபோறோம்."

"ஃபைபருக்கு எதுக்குக் குங்குமம்?"

கைப்பையைத் திறந்து தேடினேன்.

துறையின் கடிதத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஈ காலத்துல லெட்டர்ஹெட் யாரு வேணா பிரிண்ட் பண்ணலாம்." தூக்கிப் பாருங்கள், எடையில் தெரியும் என்றேன். இரண்டு கார்டுகள் முயன்றார்கள், அசையவில்லை. மேஜையில் ஆடாமல் நிற்க வேண்டும் என்று அடியில் இரும்புச் சட்டமும் சிமென்ட்டும் வைக்கச் சொன்னதே நான்தான்.

"நான் காட்டுல செத்த ஆனை நெறைய பாத்திருக்கேன். கலர், வெடிப்பு, பல்லு, எல்லாம் கரெக்ட்டா இப்படித்தான் இருக்கும்" என்றார் ரேஞ்சர். என் வேலையை அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இவ்வளவு மனதாரப் பாராட்டியதில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

"சார், அந்தச் சிறுத்தைப் பல்லுல ஒண்ணை ஒடச்சுக் காட்டட்டுமா? உள்ள ஃபைபர் நார் தெரியும்."

"எவிடென்ஸைத் தொடாதீங்கம்மா!" என்று கார்டு குறுக்கே வந்து நின்றார்.

செக்போஸ்ட் பின்னால் ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். ஏறி ஹெச்.ஓ.டி. சாருக்குப் போன் போட்டேன். "சரோஜம்மா, எல்லா டெலிகேட்ஸும் ஹோட்டலுக்கு வந்தாச்சு, நீங்க எல்லித்தீரா?" என்று அவர் பாதி கன்னடத்தில் பதறினார். எங்கே இருக்கிறேன் என்று சொல்லி, ரேஞ்சரைப் பாறை மேல் ஏற்றி, போனைக் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், போன்ல யாரு வேணா ப்ரொஃபசர் ஆகலாம். தப்பா நெனச்சுக்காதீங்க."

கீழே இறங்கியதும் என்னிடம் நிலைமையைச் சொன்னார். மேலதிகாரி வர வேண்டும், நிபுணர் பார்க்க வேண்டும், அதுவரை வண்டியும் பொருளும் இங்கேயே இருக்கும். "நீங்க கவர்மென்ட் ஸ்டாஃப், லேடி. ஐடி இருக்கு. ஸ்டேட்மென்ட் குடுத்துட்டு பஸ்ல போங்க. டிரைவர் இருக்கணும். வண்டி அவர் பேர்ல, லோடு அவர் வண்டில. மஹஜர் எழுதி, கேஸ் ஆனா ரிமாண்ட் ஆகும்."

அவர் சட்டப்படிதான் பேசினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

மாதேஷைத் திரும்பிப் பார்த்தேன். வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்துவிட்டது.

"அக்கா, எங்கப்பாவப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்க்கா" என்றான். ரொம்ப மெதுவாகப் பேசினான். "மாடு மேய்க்கப் போனவரு காட்டுல கெடந்த மான்கொம்ப எடுத்துட்டு வந்து கொட்டாயில மாட்டி வெச்சாருங்க. எதையும் கொல்லலீங்க, கீழ கெடந்துச்சு, அவ்வளவுதான். கேஸாயிருச்சு. நான் பள்ளிக்கூடம் போறப்ப ஆரம்பிச்சது, லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்டறப்பத்தான் உட்டாங்க. கோர்ட்டு கோர்ட்டா நடந்தாருங்க்கா. இன்னைக்கும் காக்கிச் சட்டையப் பாத்தா சோத்துத் தட்ட வெச்சுட்டு எந்திரிச்சுருவாரு. இப்ப என்னையும் புடிச்சுட்டாங்கன்னா அவரு தாங்க மாட்டாருங்க்கா."

மான் வருடா வருடம் கொம்பை உதிர்க்கும், மறுபடி முளைக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு நானே கொம்பின் அடியைக் காட்டி, இது உதிர்ந்தது, இது வெட்டியது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறேன். உதிர்ந்ததை எடுத்து வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம்தான். மாடு மேய்க்கிற மனிதருக்கு அதை யார் சொல்லப் போகிறார்கள்?

நான் பஸ் ஏற மாட்டேன் என்று ரேஞ்சரிடம் சொல்லிவிட்டேன். வீராப்பாகச் சொல்லிவிட்டு மாதேஷுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாநாடு எனக்கு மறந்தே போய்விட்டது. இந்தப் பையனை இங்கே விட்டுவிட்டு ஊருக்குள் எப்படி நுழைவது என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

5. துணி

பிடிபட்ட பொருளைப் பற்றி எழுதும் மஹஜருக்குப் போட்டோ எடுக்க வேண்டும். நாலு பக்கமும் எடுக்கச் சொன்னார் ரேஞ்சர். மாலையை எடுத்தார்கள். "துணியையும் அவுரு" என்றார்.

கார்டு முடிச்சை அவிழ்த்தார். துணி விழுந்தது. அடுத்த நொடி அவர் "அய்யோ தேவரே!" என்று இரண்டடி பின்னால் குதித்தார். அவர் பின்னால் நின்றிருந்த இன்னொரு கார்டு, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டார்.

யானைக்குக் கண் இருந்தது.

இரண்டு பக்கக் குழியிலும் இரண்டு பெரிய கண். வெள்ளை விழி, கருமணி, மேலே வளைந்த சிவப்புக் கோடு, இமை மயிர்கூட ஒவ்வொன்றாகத் தீட்டியிருந்தது. தேரடியில் நிற்கும் யானை வாகனம் எப்படிப் பார்க்குமோ அப்படி எங்கள் எல்லாரையும் பார்த்தது. இத்தனை நாள் வேலை போச்சே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் குழந்தைவேல் சொன்னது புரிந்தது. கண் திறக்காமல் எந்த வாகனத்தையும் அவர்கள் பட்டறையை விட்டு அனுப்ப மாட்டார்கள். சிறுத்தை வாகனம் இல்லாததால் தப்பித்தது. கண் திறந்ததைச் சேர வேண்டிய இடம் சேரும்வரை துணி கட்டி மூடித்தான் அனுப்புவார்கள். செத்த யானையின் மண்டையோடு என்று நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும், அவருக்கு அது குருடாக வெளியே போகக் கூடாத ஒரு யானை.

ரேஞ்சர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"செத்த ஆனைக்கு யாராவது கண்ணு வெப்பாங்களாம்மா?"

"வாகனம் செய்யறவங்க சார். வைக்காம அவங்களுக்குக் கை வராது."

அவர் கண்ணின் ஓரத்தை நகத்தால் தடவினார். ஒட்டு எங்கே என்று தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். "எலும்பைச் சுரண்டினா எவிடென்ஸ் டேம்பரிங். கண்ணு எலும்பு இல்ல. ஆனையோடதும் இல்ல. கண்ணைச் சுரண்டலாம், ஹௌதா?"

"ஹௌது சார், தாராளமா!" என்றேன். நான் போட்ட சத்தத்தில் மாதேஷ் எழுந்து வந்துவிட்டான்.

பேனாக்கத்தியை எடுத்துக் கருமணியின் விளிம்பில் வைத்து, மெல்லச் சுரண்டிக்கொண்டே வெளிப்பக்கம் வந்தார். பெயின்ட் போனது. அடியில் மங்கலான பச்சையில் ஃபைபர் தெரிந்தது, பஞ்சு மாதிரி நார் நாராக. கத்தி கண்ணைத் தாண்டிக் குழியின் ஓரத்துக்கு வந்தது. அங்கேயும் அதே நார். நடுவில் எங்கேயும் ஒட்டு இல்லை. கண்ணும் தலையும் ஒரே வார்ப்பு. அச்சிலேயே கண்ணுக்கு இடம் வைத்துச் சேர்த்து வார்த்திருக்கிறார் குழந்தைவேல்.

ரேஞ்சர் நிமிர்ந்தார். வாயை இறுக்கி மூடிப் பார்த்தார், முடியவில்லை, சிரித்துவிட்டார். கும்பிட்ட கார்டு அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"சரி, இப்ப அந்தச் சிறுத்தைப் பல்லை ஒடைங்கம்மா."

நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த பல். ஒரே தட்டில் உடைத்தேன். உள்ளே அதே நார். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் உடைத்ததில்லை.

"போய்ட்டு வாங்க. அடுத்த தடவை குங்குமம் இல்லாம கொண்டு வாங்க" என்றார் ரேஞ்சர். எங்களுக்கு டீயும் வரவழைத்துக் கொடுத்தார். மாதேஷ் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. பிறகு பாறை மேல் ஏறி யாருக்கோ போன் செய்தான். "ஒண்ணுமில்லீங்ப்பா, சும்மாதான் கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா?" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

மலை இறங்கிக் கொள்ளேகால் வந்தோம். அங்கே வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்து நன்றாக அழுதான். அழட்டும் என்று இருந்தேன். அழுது முடித்து முகம் கழுவியதும் அவனுக்குப் பசித்தது. இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

6. மாநாடு

"ஏனு சரோஜம்மா இது! கண்ணு!" ஹெச்.ஓ.டி. சார் தலையில் கை வைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் பதறியதில் நியாயம் இருந்தது. டாக்டர் சாந்தலா பேசவிருந்த விஷயமே கண்குழிதான். மாட்டுக்கும் குதிரைக்கும் கண்குழியின் பின்பக்கம் எலும்பு வளையம் போட்டு மூடியிருக்கும். நாய்க்கும் பூனைக்கும் திறந்திருக்கும். யானைக்கும் திறந்துதான் இருக்கும். எந்த வழியில் வந்த விலங்குக்கு எது மூடியது, எது மூடவில்லை என்பதைத்தான் அவர் காட்ட வேண்டும். அந்த இடத்தில் குழந்தைவேல் மையிட்ட கண் வைத்து அடைத்திருந்தார்.

கட்டர் எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டையும் அறுத்து எடுத்துவிட்டுப் பழைய நிறம் பூசிவிடலாம், ஒன்றும் பெரிய வேலை இல்லை. வலது கண்ணை எடுத்து முடித்தேன். இடது பக்கம் போகும்போது மாதேஷ் வந்து குறுக்கே கையை வைத்தான்.

"ஒண்ணையாச்சும் உட்டுருங்க அக்கா."

ஹெச்.ஓ.டி. சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் சாந்தலா அவரை முந்திக்கொண்டார். "இருக்கட்டும் சார். எனக்கு ஒரு பக்கம் போதும்."

அப்படியே மேஜைக்குப் போனது. வலது பக்கம் பரிணாமம், இடது பக்கம் மேட்டூர். டாக்டர் சாந்தலா பேசி முடித்ததும், வெளிநாட்டு அம்மா ஒருவர் எழுந்து, இடது பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டார். சாந்தலா சிரித்துக்கொண்டே செக்போஸ்ட் கதையை இங்கிலீஷில் சொன்னார். ஹாலே குலுங்கியது. டீ இடைவேளையில் எல்லாரும் வந்து இடது பக்கம் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். என் பழுப்பு நிறத்தை ஒருத்தராவது பாராட்டுவார்கள் என்று பக்கத்திலேயே நின்றேன். அதற்கு அந்த ரேஞ்சர்தான் சரி.

7. மாதேஷின் அப்பா

மாநாடு முடிந்து தலை மியூசியத்துக்கு வந்த பிறகு, மாதேஷ் ஒருநாள் அவன் அப்பாவை அழைத்து வந்தான். வாசலில் செக்யூரிட்டியின் காக்கியைப் பார்த்ததும் பெரியவர் நின்றுவிட்டார். நான் போய்க் கூட்டி வந்தேன்.

யானைத் தலைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இதாடா?" என்றார்.

"இதேதாங்ப்பா."

விரலை மடக்கி அதன் நெற்றியில் தட்டினார். ஃபைபர் டப்பென்று சத்தம் போட்டது. மறுபடி தட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தன் அப்பா வாய்விட்டுச் சிரித்து மாதேஷ் பார்த்து எத்தனை காலமாகியிருக்கும் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

"எம்பட கொம்புக்கும் அன்னைக்கு எவனாச்சும் ரெண்டு கண்ணு வெச்சிருந்தா உட்டிருப்பானுங்க, இல்லீங்களா அம்மிணி?" என்றார்.

கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். என் டிபன் டப்பாவைத் திறந்து வைத்தேன். ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டார்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரே ஒரு விஷயம். எங்கள் துறையில் செய்யும் நகல்களின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் இல்லாமல், ஃபைபர் நார் வெளியே தெரிய ஓர் இடம் விட்டிருக்கும். வேலை அரைகுறையாக நிற்கிறது என்று நினைத்து அதைப் பூசிவிடாதீர்கள். மற்ற பக்கமெல்லாம் நாம் எவ்வளவு திறமையைக் காட்டினாலும் காட்டலாம். அந்த உள்ளங்கை இடம் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு.